போட்டோ கேக் பிரிண்டர்: ஆர்டரை எண்ணிவிட்டு வாங்குங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, போட்டோ கேக்குக்கு எந்தப் பிரிண்டர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "வாரத்துக்கு எத்தனை போட்டோ கேக் போகுது?" அதற்குப் பதில் உடனே வராது. "போன மாசம் ரெண்டு போச்சுக்கா" என்பார்கள். அப்படியானால் இப்போதைக்குப் பிரிண்டரே வேண்டாம் என்பேன். முகம் வாடிவிடும். இருந்தாலும் காரணம் இருக்கிறது.

போட்டோ கேக்கின் மேல் ஒட்டும் படத்தை, சாப்பிடக்கூடிய ஷீட்டில் அச்சடிப்பது சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்தான். உள்ளே ஊற்றும் மை மட்டும் வேறு. தண்ணீர், கிளிசரின், உணவு நிறம் இவைதான் அதில் முக்கியம். ஆபீஸ் மையைவிட இது சீக்கிரம் காய்ந்து, மையைத் தாளில் தெளிக்கும் பாகமான ஹெட்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற பிரிண்டர் பல மாதம் தொல்லையில்லாமல் ஓடும். நாலு நாள் சும்மா கிடந்த பிரிண்டரில் எடுத்தால் குழந்தையின் முகத்தில் கோடு கோடாக வெள்ளை விழும். ஆகவே எந்தப் பிரிண்டர் என்பதைத் தீர்மானிப்பது கடை விலையைவிட, அது எத்தனை நாள் சும்மா கிடக்கப் போகிறது என்பதுதான்.

முதல் வேலை: இரண்டு மாதக் கணக்கு

ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை பேர் போட்டோ கேட்டார்கள், எத்தனை பேர் விலை கேட்டதும் "பேர் மட்டும் எழுதிடுங்க" என்றார்கள், இரண்டையும் எழுதுங்கள். சீசனையும் பாருங்கள். கோடை விடுமுறையில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாதா கோயில்களில் பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை எல்லாம் ஒன்றாக வரும். புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பில் கைகூப்பி நிற்கும் பிள்ளையின் படத்தோடு கேக் கேட்பது கடலூரிலும் பாண்டியிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆடி வந்தால் விசேஷங்கள் நின்றுவிடும், பிறந்தநாள் மட்டும்தான். மே மாதக் கூட்டத்தைப் பார்த்து வாங்கிய பிரிண்டர் ஆடியில் காயும்.

வாரத்துக்கு இரண்டுக்குக் கீழ் என்றால் வெளியே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியில் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் சிலர் ஷீட்டில் பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். பிரிண்டர் வைத்திருக்கும் ஹோம் பேக்கர்களும் செய்து தருவார்கள். அவர்களுக்கும் பிரிண்டர் ஓட வேண்டுமே, சந்தோஷமாகவே தருவார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஷீட்டைக் கையாளப் பழகிவிடுவீர்கள். பிரிண்டரைவிட அதுதான் கஷ்டம்.

வாரம் மூன்று நாலு என்று நின்றுவிட்டால், சரி, வாங்கலாம்.

எந்தப் பிரிண்டர்

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். லேசர் பிரிண்டர் கூடவே கூடாது. அதில் இருப்பது மையே இல்லை, சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் பொடி. அடுத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற இங்க்ஜெட். "நல்லா கழுவிட்டு ஊத்திக்கலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. சாதா மை ஹெட்டிலும் குழாயிலும் ஊறிப் போயிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் கடைசிச் சொட்டு வராது. பிள்ளைகள் சாப்பிடும் பொருள் இது. பெட்டி பிரிக்காத புதுப் பிரிண்டர், முதல் சொட்டிலிருந்தே உணவு மை. இதில் சமரசம் கிடையாது. செகண்ட் ஹேண்டில் "கேக்குக்குத்தான் ஓட்டினேன்" என்று யாராவது விற்றாலும் நான் வாங்க மாட்டேன், நேரில் தெரிந்தவராக இருந்தால் ஒழிய.

அப்புறம் பேப்பர் போகும் வழியைப் பாருங்கள். முன்பக்கத் தட்டில் பேப்பர் வைக்கும் மாடல்களில் ஷீட் உள்ளே அரைவட்டமாக வளைந்து திரும்பி வரும். சர்க்கரையில் செய்த ஐசிங் ஷீட் அந்த வளைவில் பின்தாளை விட்டுப் பிரிந்து ரோலரில் ஒட்டிக்கொள்ளும், மாவுச் சத்தில் செய்த வேஃபர் பேப்பர் உடையும். பின்பக்கம் நிமிர்த்தி வைத்து நேராகக் கீழே இறங்கும் மாடல்தான் வேண்டும். கடையில் கேட்டால் "ரியர் ஃபீட்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இந்த இரண்டையும் தாண்டி நிற்பவை மூன்று வகை.

கேனான் ஜி வரிசை, உதாரணமாக ஜி2010. இது பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர், பின்பக்கத்திலிருந்து பேப்பர் இறங்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஹெட்டை நாமே கழற்றலாம். அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்து ஹெட் கிளீனிங் திரவத்தில் நனைத்துத் துடைத்துப் பார்க்கலாம். அப்படியும் சரிவராவிட்டால் ஹெட்டை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாம். குறை என்னவென்றால், இந்த வகை ஹெட் மையைச் சூடாக்கித்தான் துளி துளியாகத் தள்ளும். உணவு மை அந்தச் சூட்டில் படிந்து, நாளாக ஆக ஹெட் தேயும். ஹெட் என்பது மாற்ற வேண்டிய ஒரு செலவு என்று முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.

எப்சன் எல் வரிசை, எல்3210 மாதிரி. இதன் ஹெட் மையைச் சூடாக்காது, மின்சாரத்தில் அதிரும் படிகங்கள்தான் மையைத் தள்ளும். நிறம் இதமாக வரும், முகத் தோலின் நிறம் எனக்கு இதில்தான் திருப்தி. ஆனால் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தது, நம்மால் கழற்ற முடியாது. அடைத்தால் சர்வீஸ்தான். உள்ளே இருப்பது உணவு மை என்று தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் கைவைக்கவே யோசிப்பார்கள். எந்தக் கம்பெனிப் பிரிண்டராக இருந்தாலும் உணவு மை ஊற்றிய நாளோடு வாரண்டி போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜ் என்ற மைப் பெட்டியோடு ஹெட்டும் சேர்ந்தே வரும் சின்னப் பிரிண்டர்கள். விலை குறைவு, அடைத்தால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் வேலை முடிந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் "உணவு மை நிரப்பிய கார்ட்ரிட்ஜ்" என்று விற்பவற்றில் பல, ஏற்கெனவே ஆபீஸ் மை ஓடிய பழைய கார்ட்ரிட்ஜில் மறுபடி நிரப்பியவை. புதிதா, மறு நிரப்பலா என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் விட்டுவிடுங்கள்.

தினமும் ஓடும் வீட்டுக்கு எப்சன், வாரம் மூன்று நாலுக்குக் கேனான். இது என் கணக்கு. "கேக் பிரிண்டர்" என்று தனிப் பெயரில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் செட்டுகளும் உண்டு. பெரும்பாலும் உள்ளே இதே பிரிண்டர்தான், மையும் ஷீட்டும் கொஞ்சம் கற்றுக்கொடுப்பதும் கூடச் சேர்ந்து வரும். கம்ப்யூட்டர் என்றாலே தயங்குகிறவர்களுக்கு அந்த விலை நியாயமாக இருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். "பாண்டிக்குப் போனா மலிவு" என்று வண்டியை எடுக்காதீர்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரானாலும் பாண்டியானாலும் பிரிண்டருக்கு ஒரே வரிதான். பாண்டியில் இன்னும் மலிவாகக் கிடைப்பது எது என்று உங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரியும்.

மை

2024 பிப்ரவரியில் பாண்டியில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தார்கள், நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்தது. அதே மாதம் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. அதற்கப்புறம் என் வாடிக்கையாளர்கள் கேக் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கலரு சாப்பிடலாம்ல?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் மை பாட்டிலை நாம் படித்திருக்க வேண்டும்.

பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், என்னென்ன கலந்தது என்ற பட்டியல் இவையும் வேண்டும். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டுதான்: டார்ட்ரசீன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ, இண்டிகோ கார்மைன், ஃபாஸ்ட் கிரீன். பட்டியலே ஒட்டாத பாட்டில், "இம்போர்ட்டட்" என்று மட்டும் போட்ட பாட்டில், இவற்றை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். 14 இலக்க எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் அடித்துப் பார்க்கலாம், யாருடையது என்று வந்துவிடும். உங்களுக்கும் அந்தப் பதிவு வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்து விற்றாலும் விற்பனை விற்பனைதான்.

நாலு நிறம் வாங்குவீர்கள்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பெரிய பாட்டில் வாங்கி டேங்க்கைத் தளும்ப நிரப்புவது புதியவர்கள் செய்யும் தவறு. ஊற்றிய மைக்கும் ஆயுள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் குறையாமல், மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். கம்பெனி பெட்டியில் வைத்துத் தரும் சாதா மையை அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அலமாரியில் இருந்தால் என்றைக்காவது அவசரத்தில் யாராவது ஊற்றிவிடுவார்கள். என் பிரிண்டரின் தலையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கேக்குக்கு மட்டும்." பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும் என் மகனுக்காக எழுதியது.

ஷீட்

வேஃபர் பேப்பர், ஐசிங் ஷீட் என்று இரண்டு. முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதி அழுகை மிச்சம்.

வேஃபர் பேப்பர் உருளைக்கிழங்கு மாவுச் சத்தில் செய்வது. வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும், ருசி என்று ஒன்றும் இல்லை, விலை குறைவு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கத்தில் அச்சடியுங்கள். இதற்கு எதிரி ஈரம். விப்பிங் கிரீம் மேல் நேராக வைத்தால் பத்து நிமிடத்தில் அப்பளம் நமுத்த மாதிரி நெளியும்.

ஐசிங் ஷீட், சிலர் சுகர் ஷீட் என்பார்கள். சர்க்கரை, மாவுச் சத்து, கிளிசரின் சேர்த்து மெல்லிய தோலாக ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வரும். வேஃபரைவிட விலை பல மடங்கு. ஆனால் நிறம் பளிச்சென்று வரும், கிரீமோடு கலந்து உட்கார்ந்துவிடும், வெட்டும்போது கத்தியில் இழுபடாது. முகம் தெரிய வேண்டிய கேக்குக்கு நான் இதைத் தவிர வேறு போடுவதில்லை. எழுத்து, பூ, கார்ட்டூன், கப்கேக் மேல் வைக்கும் சின்ன வட்டங்கள் இவற்றுக்கு வேஃபர் போதும்.

நம் ஊர் கடலோரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும். அந்த நாட்களில் ஐசிங் ஷீட் பின்தாளை விட்டு வரவே வராது, பிசுபிசுவென்று இழுக்கும். உரியாவிட்டால் ஃப்ரீசரில் ஒரே ஒரு நிமிடம் வையுங்கள். எடுத்ததும் மேசை விளிம்பில் பின்தாளைக் கீழே மடக்கி இழுத்தால் ஷீட் தானாக மேலே வரும். ஹேர் டிரையரைப் பின்பக்கமாகச் சில விநாடி காட்டினாலும் சரியாகும். ஏசி அறையில் பிரித்து வைத்துவிட்டால் இதற்கு நேரெதிர், காய்ந்து நொறுங்கும். எனவே பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு ஷீட் எடுத்துவிட்டு ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியே அழுத்தி மூடுங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் நூறு ஷீட் வாங்குவதும் வேண்டாம், மழைக்காலத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

படமும் செட்டிங்கும்

படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி "இதையே போட்டுடுங்க" என்பார்கள். சின்னக் கேக்குக்கே தாங்காது. கணக்கு சுலபம்: ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்). 7 அங்குல வட்டத்துக்கு 2,100 புள்ளி அகலம் இருந்தால் தெளிவு. பாதி இருந்தாலும் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏ4 ஷீட்டின் அகலம் 21 சென்டிமீட்டர், எட்டே கால் அங்குலம். பிரிண்டர் அச்சடிக்காமல் விடும் ஓரம் போக ஏழரை அங்குல வட்டம்தான் அதிகபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேக்கைவிடப் படம் ஒரு அங்குலம் சிறியதாக இருக்கட்டும், சுற்றிலும் கிரீம் பார்டர் போட இடம் வேண்டும்.

வெள்ளை நிறத்தைப் பிரிண்டர் அச்சடிக்காது, ஷீட்டின் வெள்ளைதான் வெள்ளை. சாக்லேட் கேக் மேல் நேரே வைத்தால் வேஃபரில் பழுப்பு தெரியும். அடியில் வெள்ளைக் கிரீம் பூசிவிடுங்கள். உணவு மையில் சிவப்பும் கறுப்பும் கொஞ்சம் மங்கித்தான் வரும், கறுப்பு சில சமயம் பச்சை தட்டும். நம் ஆட்களின் முகம் திரையில் இருப்பதைவிட ஒரு படி கறுத்து வரும், ஆகையால் படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிவிட்டு அச்சடியுங்கள். வெள்ளையாக்கச் சொல்லவில்லை, கண்ணும் மூக்கும் தெரியும் அளவுக்கு. வேஃபருக்குச் சாதா தரத்தில் அடித்தால் போதும், உயர்தரம் வைத்தால் மை அதிகம் இறங்கி ஷீட் சுருளும். ஐசிங் ஷீட் உயர்தரத்தைத் தாங்கும். ஷீட்டை ஒவ்வொன்றாக மட்டும் வையுங்கள். முதலில் சாதாத் தாளில் நாசில் செக் எடுத்துப் பாருங்கள், ஹெட்டின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் கோட்டுப் பிரிண்ட் அது. கோடு எல்லாம் முழுதாக இருந்தால்தான் ஷீட்டைத் தொட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய் எத்தனை ஐசிங் ஷீட்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை.

கேக் மேல்

அச்சடித்த ஐசிங் ஷீட்டைக் கால் மணி நேரம் காயவிட்டு வெட்டி, உரித்து, கிரீம் இறுகிய கேக்கின் மேல் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு மெல்லப் படியவிடுங்கள். சில நிமிடத்தில் அதுவே இளகி ஒட்டும்.

வேஃபரென்றால் இடையில் ஒரு தடுப்பு வேண்டும். ஒயிட் காம்பவுண்டை (வெள்ளைச் சாக்லேட் மாதிரிக் கட்டி) உருக்கி, சூடு தணிந்ததும் பட்டர் பேப்பரில் மெல்லியதாகப் பரப்பி, அதன் மேல் வேஃபரைப் படம் மேலே வருமாறு வைத்து, ஐந்து நிமிடம் பிரிட்ஜில் இறுகவிடுங்கள். பலகை மாதிரி ஆகிவிடும். அதைக் கேக்கில் படுக்க வைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். நெளியாது. கேக்குக்குப் பளபளப்பு தரும் நிறமில்லாத நியூட்ரல் ஜெல்லைப் பின்பக்கம் மெலிதாகத் தடவுவது இன்னொரு வழி. கொஞ்சம் கூடினாலும் ஷீட் கரையும், கை பழகும்வரை காம்பவுண்டே நல்லது.

ஆரம்பத்தில் ஒரு அறுபதாம் கல்யாணக் கேக்குக்கு முதல் நாள் இரவே படத்தை ஒட்டிப் பிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் எடுத்து வெளியே வைத்ததும் கேக் வியர்த்தது. தாத்தாவின் மீசை மெல்லக் கரைந்து கன்னம் வரை இறங்கிவிட்டது. பாட்டி நல்லவர், சிரித்துவிட்டார். பணம் வாங்க எனக்குத்தான் மனம் வரவில்லை. அன்றிலிருந்து, கேக்கைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வியர்வை அடங்கிய பிறகுதான் படம், அதுவும் கொடுப்பதற்குச் சற்று முன்.

சும்மா இருக்கும் நாட்கள்

ஆர்டர் இல்லாவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு நாசில் செக். ஒரு சொட்டு மைதான் செலவு. பிரிண்டரே மையை ஓட்டித் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை மட்டும் சும்மா சும்மா ஓட்டாதீர்கள், அது மையைக் கொட்டிக் குடிக்கும், கழிவு மையை உறிஞ்சும் பஞ்சும் சீக்கிரம் நிரம்பும். இரண்டு முறை ஓட்டியும் கோடு வராவிட்டால் அரை நாள் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள், பல சமயம் தானாகத் திறந்துகொள்ளும்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். கரண்டும் இல்லை, கேக் கேட்க ஆளும் இல்லை. பத்து நாள் கழித்துப் பிரிண்டரைப் போட்டால் சிவப்பு ஒரு கோடுகூட வரவில்லை, ஹெட்டை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது புயல் எச்சரிக்கை வந்ததுமே ஹெட்டைக் கழற்றி, கிளீனிங் திரவத்தில் நனைத்த துணியில் துளைப்பக்கம் படுமாறு வைத்து, ஜிப் கவரில் மூடிவிடுகிறேன். ஹெட் கழற்ற முடியாத பிரிண்டர் என்றால் கரண்ட் போகும் முன் ஒரு முழுப் பக்கக் கலர் பிரிண்ட் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்காமல் பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும்.

கேக்கைக் கொடுக்கும்போது பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டுவேன். வெட்டும் வரை பிரிட்ஜில் வைக்க வேண்டாம், ஃபேன் காற்றில் வையுங்கள், மூன்று மணி நேரத்துக்குள் வெட்டிவிடுங்கள். பாண்டிக்குப் போகும் ஆர்டராக இருந்தால் படத்தைத் தனி டப்பாவில் வைத்து, எப்படி ஒட்டுவது என்று வீடியோ அனுப்பிவிடுகிறேன்.